இரண்டு வாத்து வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும்: இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு

வீட்டுத் தோட்டத்தில் முட்டைக்காக வாத்து (எங்கள் பக்கம் தாரா என்போம்) வளர்க்கிற நம் ஆட்கள் இங்கே கூடிக்கொண்டே வருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பதிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டால் பாதிப் பேர் "மூன்றுதானே இருக்கு, அதுக்கு எதுக்கு" என்கிறார்கள். முன்பு 50 பறவைகளுக்குக் கீழே இருந்தால் கட்டாயம் இல்லை, சரி. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு வாத்து இருந்தாலும் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. வீட்டை விட்டு வெளியே போகாத கூண்டுக்கிளி மாதிரிப் பறவைகளுக்கு மட்டும்தான் விலக்கு.

கட்டணம் எதுவும் கிடையாது. விலங்கு, தாவரச் சுகாதார முகமையின் படிவத்தில் உங்கள் பெயர், முகவரி, என்ன பறவை, எத்தனை, எதற்காக வளர்க்கிறீர்கள் என்று எழுதினால் போதும். வாத்து வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை விவரத்தை உறுதிப்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் குற்றம். வரி போடுவதற்கான கணக்கு இது இல்லை. உங்கள் பகுதியில் பறவைக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் பறவை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே உங்களுக்குத் தகவல் சொல்ல முடியும்?

வாத்து விஷயத்தில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நோய்க்கிருமி உள்ளே இருந்தும் வாத்து வெளியே ஒன்றும் காட்டாமல் சாதாரணமாகத் திரியக்கூடும். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைத்தால் காட்டு வாத்தும் கடற்பறவையும் இறங்கும், அவற்றின் எச்சம்தான் நோய் உள்ளே வரும் வழி. 2022 ஜனவரியில் தென்மேற்கு இங்கிலாந்தில் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் வளர்த்த பறவைகளிடமிருந்து ஒரு மனிதருக்கே எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் தொற்றியது உறுதியானது.

நோய் பரவும் காலத்தில் பறவைகளை அடைத்து வைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2025 நவம்பரில் இங்கிலாந்து முழுவதும் வந்த உத்தரவில் 50க்குக் கீழே வைத்திருப்பவர்களுக்குச் சலுகை இருந்தது, ஆனால் முட்டையை விற்றாலும் சும்மா கொடுத்தாலும் அந்தச் சலுகை இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆறு முட்டை கொடுக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்! நோய் உறுதியான இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையத்துக்குள் வீடு இருந்தால் எத்தனை பறவையானாலும் அடைக்கத்தான் வேண்டும்.

அதனால் கொட்டில் கட்டும்போதே அடைத்து வைக்கும் நாளையும் நினைத்துக் கட்டுங்கள். மேலே மழையும் எச்சமும் ஒழுகாத கூரை, பக்கத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் ஓட்டை இல்லாத வலை, வாசலில் செருப்பை நனைக்கக் கிருமிநாசினித் தட்டு. வாத்துக்குக் கோழி மாதிரி ஏறி உட்காரக் கம்பு வேண்டாம், தரையில் காய்ந்த வைக்கோல் போதும். ஆனால் ஒரே நாளில் நனைத்துச் சேறாக்கிவிடும், ஆகவே தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு மூலையில் வலைத்தட்டின் மேல் வையுங்கள். தலையை முழுசாக முக்கிக் கண்ணைக் கழுவும் அளவு ஆழம் இருக்க வேண்டும். இரவில் நரிக்குப் பயந்து பூட்டினால் காலையில் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். விடியற்காலையில்தான் பெரும்பாலும் இடும், எட்டரை ஒன்பது மணிக்குத் திறந்தால் முட்டை வைக்கோலுக்குள் கிடக்கும், இல்லாவிட்டால் செடிக்கு அடியில் தேடி அலைய வேண்டும்.

இன்னொரு சட்டம் நம் வீடுகளில் தினமும் மீறப்படுகிறது. மிச்சச் சோறு, இட்லி, நறுக்கிய காய்கறித் தோல் எதையும் வாத்துக்குப் போடக் கூடாது. சமையலறைக்குள் போய் வந்த எதுவும் கூடாது, வீட்டில் ஒரே ஒரு கோழி இருந்தாலும் இதே சட்டம்தான். பாலும் நெய்யும்கூட உள்ளே வராத முழுத் தாவர உணவு வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு, சைவ வீடு என்பது போதாது. 2001இல் கால்நடைகளைக் கொன்று குவித்த கோமாரி நோய், சரியாக வேக வைக்காத எச்சில் உணவைப் பன்றிக்குப் போட்டதில் தொடங்கியதாகக் கண்டுபிடித்த பிறகு வந்த கண்டிப்பு இது. மனசு கேட்காது, தெரியும். தோட்டத்துக் கீரையைப் பறித்து நேராகப் போடுங்கள், அதற்குத் தடை இல்லை.

வாத்து திடீரென்று சுருண்டு படுத்தாலோ, கழுத்து திருகினாலோ, அடுத்தடுத்துச் செத்தாலோ இங்கிலாந்தில் 03000 200 301 எண்ணுக்கு உடனே சொல்வது சட்டப்படி கட்டாயம். அதிகாரிகள் பறவைகளை அழிக்க நேர்ந்தால் அந்த நேரத்தில் நோயில்லாமல் இருந்தவற்றுக்குத்தான் நஷ்டஈடு. அதற்குள் செத்தவற்றுக்குக் கிடையாது.