திரையில் ‘316எல்’ என்று வந்தால் போதுமா?

எக்ஸ்.ஆர்.எஃப். கருவி உலோகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது திருப்பி உமிழும் கதிரை வைத்துத் தனிமங்களை அளக்கும். அதை உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் சில நொடிகளில் கிரேடு வந்துவிடும். ‘316எல்’ என்று வந்தால் பலரும் அதை அப்படியே சான்றிதழில் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ‘எல்’லைக் கருவி அளக்கவே இல்லை.

316 என்ற துருப்பிடிக்காத எஃகில் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம், அதன் கார்பன் குறைந்த வகையான 316எல்லில் 0.03 வரைதான். கார்பன் உமிழும் எக்ஸ் கதிரின் ஆற்றல் வெறும் 0.28 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கையடக்கக் கருவியில் அது டிடெக்டரை எட்டுவதற்குள் காற்றும் கருவியின் ஜன்னலும் விழுங்கிவிடும். குரோமியம், நிக்கல், மாலிப்டினம் மூன்றையும் பார்த்து 316 குடும்பம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். பற்றவைக்கப் போகும் குழாயென்றால் ஸ்பார்க் முறையில் (மின்பொறி கிளப்பும் ஒளியை வைத்து அளப்பது) கார்பன் பார்க்காமல் விடாதீர்கள். கார்பன் கூடினால் வெல்டை ஒட்டிய இடத்தில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்துவிடும். அரிப்பு அங்கேதான் பிடிக்கும்.

மாங்கனீஸ் அளவிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய எக்ஸ் கதிர் உண்டு. அணு எண்ணோடு அது சீராக ஏறுவதை 1913இல் இயற்பியலாளர் மோஸ்லி காட்டினார். ஆனால் சில கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. குரோமியத்தின் கே-பீட்டா என்ற கோடு 5.95 கிலோ எலக்ட்ரான் வோல்ட், மாங்கனீஸின் கே-ஆல்ஃபா 5.90. இடைவெளி 50 எலக்ட்ரான் வோல்ட்தான். நல்ல சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டரின் பிரிதிறனோ (அருகருகே உள்ள கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 130 எலக்ட்ரான் வோல்ட் அளவில். இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். குரோமியத்தின் பங்கை மென்பொருள் கணக்குப் போட்டுக் கழிக்கிறது. எனவே பக்கத்தில் வரும் ± எண்ணையும் (பிழையின் அளவு) சேர்த்தே படியுங்கள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் அளக்க வேண்டும்.



எஃகில் இரும்பு, குரோமியக் கதிர்கள் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளியே வரும். பெயின்ட், துத்தநாகப் பூச்சு, மணல் அடித்த சிலிக்கா எல்லாம் கணக்கில் சேரும். தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு அளக்க வேண்டும்.

தங்கத்தில் இந்த ஆழம் இன்னும் குறைவு. டங்ஸ்டன் கட்டிக்குக் கனமாகத் தங்கம் பூசியிருந்தால் கருவி தங்கம் என்றே சொல்லும். இரண்டின் அடர்த்தியும் 19.3ஐ ஒட்டியே இருப்பதால் எடை போட்டாலும் பிடிபடாது. அதற்கு அல்ட்ராசோனிக் சோதனை ஒரு வழி: தங்கத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 3,200 மீட்டர் போகும், டங்ஸ்டனில் 5,200.