ரெஸ்டோரேஷன் என்றால் மீட்டெடுப்பு

பழைய படங்களின் ப்ளூரே அட்டையில் '4கே ரெஸ்டோரேஷன்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 4கே என்பது படத்தின் அகலத்தில் ஏறக்குறைய நாலாயிரம் புள்ளிகள் இருக்கும் தரம். தமிழில் எழுதும்போது அதை 'டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது' என்கிறோம், அல்லது 'மெருகேற்றப்பட்டது' என்கிறோம். 1964-இல் வெளியான 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டல் வடிவில் மறுபடி தியேட்டருக்கு வந்து நன்றாக ஓடிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் பரவலாகிவிட்டது. ரெஸ்டோரேஷன் என்ற வேலை எதற்காகச் செய்யப்படுகிறதோ, அதற்கு நேர் எதிரான பொருளையே இந்த இரண்டு சொற்களும் தருகின்றன. அதற்கான சரியான தமிழ்ச் சொல் மீட்டெடுப்பு.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'ரெஸ்டௌராரே' என்றால் சிதைந்துபோனதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. அதே வேரிலிருந்துதான் ரெஸ்டாரன்ட்டும் வந்தது. களைத்த உடம்பைத் தேற்றும் சூப்புக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர் இருந்தது. அப்புறம் சூப் விற்ற கடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்து வரலாற்றில் இந்தச் சொல்லுக்குத் தனி இடமே உண்டு. 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள், மன்னராட்சியையும் ஒழித்தார்கள். 1660-இல் அவர் மகன் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி அரியணை ஏறினார். அந்தத் திரும்புதலை ஆங்கிலேயர்கள் 'ரெஸ்டோரேஷன்' என்றே குறிப்பிடுகிறார்கள். இருந்தது, இடையில் போனது, திரும்பி வந்தது: இவ்வளவுதான் சொல்லின் உள்ளடக்கம். புதிதாக எதையாவது சேர்ப்பது அதில் இல்லை.

தமிழில் 'மீள்' என்றால் தானே திரும்பி வருவது. 'மீட்டல்' என்றால் போனதைத் திரும்பக் கொண்டுவருவது. இது நேற்று உண்டாக்கிய கலைச்சொல் அல்ல. பகைவர் கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் போகும் வீரர்கள் கரந்தைப் பூச் சூடுவார்கள். அந்த ஒழுக்கத்தைத் தொல்காப்பியம், ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித் திணையிலேயே அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை என்று தனித் திணையாகவே வகுக்கிறது. இன்றைக்கும் அடகு வைத்த நகையை நாம் 'மீட்கிறோம்'. கடைக்காரர் அதை உருக்கிப் புது டிசைனில் செய்து கொடுத்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்கிக்கொள்வோமா? வைத்த நகைதான் கைக்கு வரவேண்டும், அதன் பழைய நெளிவோடு. படத்துக்கும் இதே நியாயம்தான்.

மீட்டெடுப்பு என்ற சொல் எவ்வளவு பொருந்தும் என்பதற்கு ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் எடுத்த 'பாரி லிண்டன்' படத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 18-ஆம் நூற்றாண்டு அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஐரோப்பியப் போர்க்களங்களிலும் நடக்கும் கதை. தாக்கரேயின் நாவலிலிருந்து எடுத்தது. ஒளிப்பதிவுக்கு ஜான் ஆல்காட் ஆஸ்கர் வாங்கினார். இரவு நேர உட்புறக் காட்சிகள் பலவற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மட்டுமே எடுத்தார்கள். அந்த வெளிச்சம் அன்றைய பிலிமுக்குப் போதவே போதாது. அதனால் நாசாவுக்காக ஜெய்ஸ் நிறுவனம் செய்த, எஃப் 0.7 என்ற மிகப் பெரிய திறப்பு கொண்ட 50 மில்லிமீட்டர் லென்ஸைக் குப்ரிக் வாங்கி, அதற்கு ஏற்றபடி ஒரு மிட்செல் கேமராவையே மாற்றி அமைக்கச் செய்தார். போதாக்குறைக்குப் பிலிமைக் கழுவும்போது ஒரு ஸ்டாப் கூடுதலாகத் 'தள்ளி'க் கழுவினார்கள், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விழுந்ததுபோலத் தெரியும்படி கூடுதல் நேரம் கழுவினார்கள். தள்ளிக் கழுவினால் கிரெயின் கூடும், அதாவது படமெங்கும் நுண்ணிய மணல் போல அசையும் துகள் பெருகும்.

சூதாட்ட மேசைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். லென்ஸின் திறப்பு அவ்வளவு பெரிது என்பதால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் மிகக் குறைவு. நடிகர் சற்றே முன்னால் சாய்ந்தால் முகம் மங்கிவிடும், அதனால் எல்லாரும் கிட்டத்தட்ட அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பவுடர் பூசிய கன்னத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுகிறது, பின்னால் சுடர்கள் கரைந்து வட்டங்களாகத் தெரிகின்றன, இவற்றின் மேல் கிரெயின் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த மென்மையும் கிரெயினும் குறைகள் அல்ல. அந்த வெளிச்சத்தைப் பிடிக்கக் கொடுத்த விலை. இதை ஒருவர் 'புதுப்பிக்க' உட்கார்ந்தால் என்ன செய்வார்? கிரெயினைத் துடைப்பார், விளிம்புகளைக் கூர்மையாக்குவார், நிழலை வெளுக்க வைப்பார். கிரெயினோடு சேர்ந்து தோலின் மேடுபள்ளமும், சரிகையின் இழையும் போய்விடும். படம் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் அது ஆல்காட் எடுத்த படமாக இருக்காது.

திரை விகிதத்தில் நடந்தது இன்னும் பாடமானது. 2011-இல் வந்த ப்ளூரே, இன்றைய டிவி திரையை நிறைக்கும் 1.78 விகிதத்தில் இருந்தது, அதாவது உயரத்தைப் போல 1.78 மடங்கு அகலம். அதுவே சரி என்று ஒரு தரப்பும், மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பும் வாதாடின. பிறகு குப்ரிக் 1975 டிசம்பர் 8 தேதியிட்டு தியேட்டர் ஆபரேட்டர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. படம் 1.66 விகிதத்தில் எடுக்கப்பட்டது, அப்படியே திரையிடுங்கள் என்று அதில் தெளிவாக இருந்தது. 1.66-ஐ 1.78 ஆக்கினால் உயரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் போகும். 7 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஒரு முகத்திலோ கையிலோ தொடங்கி, மெதுவாகப் பின்வாங்கி, மரமும் மேகமும் நிறைந்த முழு ஓவியமாக விரியும் ஷாட்டுகள் இந்தப் படத்தின் உயிர். அங்கே வானத்தில் ஒரு கீற்று குறைந்தாலும் தெரியும். 2017-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட 4கே மீட்டெடுப்பு 1.66-க்குத் திரும்பியது. டிவியில் போட்டால் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய கருப்புப் பட்டை தெரியும். அந்தப் பட்டைதான் படம் முழுசாக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். மோனோவாகவே, அதாவது ஒரே தடத்தில், வெளியான ஒலியையும் அப்படியே கொடுத்து, பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலியை விருப்பத் தேர்வாகத் தனியே வைத்தார்கள். அதுதான் முறை.

இந்தப் படம் என்றில்லை, பொதுவாகவே வேலை இப்படித்தான் நடக்கும். கேமராவில் ஓடிய அசல் நெகடிவைத் தேடிப் பிடிப்பார்கள்; அது இல்லையென்றால் அதற்கு மிக நெருக்கமான படி. பிலிமின் ஓரத்தில் கிழிந்த துளைகளை ஒட்டி, அழுக்கைக் கழுவி, ஸ்கேன் செய்வார்கள். கீறல் தெரியாமல் இருக்கப் பிலிமைத் திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்யும் வழியும் உண்டு, திரவம் கீறலுக்குள் புகுந்து அதை மறைத்துவிடும். பிறகு ஃபிரேம் ஃபிரேமாகத் தூசி எடுப்பது. மூன்று மணி நேரப் படத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். இதை மென்பொருளிடம் முழுவதுமாக விட்டுவிட்டால் மழைத்துளியையும் தீப்பொறியையும்கூடத் தூசி என்று நினைத்து அழித்துவிடும், அதனால் மனிதக் கண் வேண்டும். நிறம் இன்னொரு தலைவலி. 1980-களின் தொடக்கம் வரை வந்த ஈஸ்ட்மேன்கலர் என்ற வண்ணப் பிலிம் பிரிண்டுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அசல் நிறம் எது என்பதை ஒளிப்பதிவாளரின் நினைவு, நன்றாக இருக்கும் பழைய பிரிண்ட், கைக்கு வரும் கடிதங்கள் இவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

மற்ற சொற்களையும் தூக்கிப் போட வேண்டியதில்லை, அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. கிழிந்த பிலிமை ஒட்டுவது செப்பனிடல், அது மீட்டெடுப்பின் ஒரு பகுதி. பழைய சதுரப் படத்தை அகலத்திரைக்கு வெட்டுவது, கருப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவது, பின்னணி இசையைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பது, இவைதான் உண்மையில் புதுப்பிப்பு. மறுசீரமைப்பு என்பதைக் கடனுக்கும் நிர்வாகத்துக்கும் விட்டுவிடலாம். ரீமாஸ்டர் என்பது பிரதிகள் எடுப்பதற்கான மாஸ்டரைப் புதிதாகத் தயாரிப்பது மட்டுமே. எந்தச் சேதத்தையும் சரிசெய்யாமலே அதைச் செய்ய முடியும், ஆகவே அதை மீட்டெடுப்பு என்று சொல்லக் கூடாது. அதற்கு ரீமாஸ்டர் என்ற சொல்லே போதும்.

எழுதும்போது மீட்டெடுப்பு, மீட்டெடுத்த பதிப்பு, மீட்டெடுப்பாளர் என்று எந்த இடத்திலும் இடறாமல் வரும். அட்டையில் போடுவதானால் 'அசல் நெகடிவிலிருந்து 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்டது' என்று போடுங்கள். எதிலிருந்து என்பதை விட்டுவிடாதீர்கள். படத்தை வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.