ஐந்து அடிக்குள் ஒரு கதை எப்படி அடங்குகிறது?

குறுந்தொகையின் 25ஆம் பாடலுக்கு ஐந்தே அடிகள். பாடியவர் கபிலர். பேசுவது தலைவி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைக் கூடிய அன்று வேறு யாரும் அங்கே இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். தினைத்தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றும் இருந்தது. அவள் சொல்வது இவ்வளவுதான். இதையே சிறுகதையாக எழுதினால் பத்துப் பக்கம் போகும். எங்கே சந்தித்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தான், ஊர் என்ன பேசுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். கபிலர் எதையும் சொல்லவில்லை. இருந்தும் நமக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

கதையைக் கவிஞர் சொல்லாமல், அவளைத் தோழியிடம் பேசவிட்டதில்தான் சூட்சுமம். நெருங்கிய இருவர் பேசும்போது இருவருக்கும் தெரிந்ததை யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒட்டுக்கேட்கும் நாம்தான் விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ள வேண்டும். ‘பொய்ப்பின்’ என்று அவள் சொன்னதுமே, அவன் ஏதோ வாக்குத் தந்திருக்கிறான், நாள் தள்ளிப்போகிறது, இவள் கலங்குகிறாள் என்று வரிசையாக ஊகித்துவிடுகிறோம். காலமும் அப்படித்தான் கலந்து கிடக்கிறது. கூடியது அன்று, கலக்கம் இன்று, பொய் ஒருவேளை நாளை.

அந்தக் குருகின் காலைக் கவனியுங்கள். சாட்சி தேடுபவளுக்குப் பறவையின் கால் எப்படி இருந்தது என்பது எதற்கு? அன்று அவள் கண் அங்கே போயிருக்கிறது. நாணத்தில் வேறெங்கும் பார்க்க முடியாமல் போயிருக்கலாம். பறவையோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக, இருந்த ஒரே சாட்சியும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘ஆரல் பார்க்கும்’ என்பதிலேயே அது அடங்கிவிட்டது.

தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளாக 34ஐ அடுக்குகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று ஓசைக் கணக்கில் தொடங்கும் அந்தப் பட்டியலில் கூற்று, கேட்போர், களம், காலம், எச்சம் எல்லாம் வருகின்றன. பேசுவது யார், கேட்பது யார், எங்கே, எப்போது, சொல்லாமல் எஞ்சியது எது? கதைசொல்லலைப் பற்றி இன்று பாடம் நடத்துகிறவர்கள் கேட்பவையும் ஏறக்குறைய இவைதாம். சீரையும் எச்சத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திய துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீண்ட காப்பியத்துக்கு இது மட்டும் போதாது. அங்கே வேகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் பதிகமே கதை முழுவதையும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கோவலன் சாவான் என்று தெரிந்துதான் உள்ளே நுழைகிறோம். என்ன ஆகும் என்ற ஆவலுக்கு வேலையில்லை. எப்போது என்ற பதைப்புதான் மிச்சம். இளங்கோ அதை இழுக்கிறார். நாடுகாண் காதை, காடுகாண் காதை என்று வழி நீண்டுகொண்டே போகிறது. மதுரை வந்த பிறகும் அவசரமில்லை. ஆயர் குடியிருப்பில் கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிகிறாள், அடுப்படியில் முகம் வியர்க்கிறாள், வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். ஒவ்வொன்றையும் நிதானமாகக் காட்டுகிறார். அதே கொலைக்களக் காதையின் முடிவில் கொலை வருகிறது:

கல்லாக் களிமகன் ஒருவன் கையில்
வெள்வாள் எறிந்தனன் விலங்கூடு அறுத்தது

இரண்டே அடி. வெட்டியவனுக்குப் பெயர்கூட இல்லை. சமையலுக்குக் கொடுத்த இடத்தைச் சாவுக்குக் கொடுக்காததால்தான் அது இப்படி அறைகிறது.

இந்த வேகக் கணக்கு உரைநடைக்கும் கைவரும். ஓசையைக் கதைக்குள் இறக்குவதில்தான் செய்யுளின் கை ஓங்கியிருக்கிறது. அழகிய பெண் வடிவெடுத்து வரும் சூர்ப்பணகையைக் கம்பன் இப்படி நடக்கவிடுகிறான்:

அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

மயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று ஒரே அச்சில் உவமைகள் வருகின்றன. அடுத்ததும் அழகான ஒன்றாகத்தான் இருக்கும் என்று காது தயாராகிவிடுகிறது. அந்த இடத்தில், அதே துள்ளலோடு ‘நஞ்சமென’ வந்து உட்காருகிறது. ஓசையில் ஒரு பிசிறும் இல்லாததால், விழுங்கிய பிறகுதான் அது நஞ்சு என்று உறைக்கிறது. அவள் இராமனிடம் காட்ட வந்த தந்திரத்தைச் சந்தம் முதலில் நம்மிடம் காட்டிவிடுகிறது.

வாய்மொழிப் பாடகர்களுக்கு ஓசை இன்னொரு வகையிலும் உதவியது. 1930களில் அமெரிக்க ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரியும் அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியாவில் கதைப்பாடல்களைத் திரட்டினார்கள். 1935இல் அவ்தோ மெஜெதோவிச் என்ற எழுதப் படிக்கத் தெரியாத பாடகர், 12,000 அடிகளைத் தாண்டும் கதையொன்றைச் சொல்ல, அதை எழுதிக்கொண்டார்கள். இதற்கு வெறும் மனப்பாடம் மட்டும் காரணமல்ல. யாப்பில் அப்படியே பொருந்தும் ஆயத்தத் தொடர்கள் அந்தப் பாடகர்களிடம் ஏராளம் இருந்தன. ஹோமரில் ‘ரோஜா விரல் விடியல்’ திரும்பத் திரும்ப வருவதையும் பாரி இப்படித்தான் விளக்கினார். இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி இந்த அணுகுமுறையைச் சங்க வீரப் பாடல்களில் பொருத்திப் பார்த்து, 1968இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். சங்கப் பாட்டு அந்த அளவுக்கு வாய்மொழிதானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. கபிலரின் ஐந்து அடியில் தெரியும் சிக்கனத்தைப் பார்த்தால் எனக்கும் தயக்கம்தான்.

புதுக்கவிதை எதுகையையும் தளையையும் இறக்கி வைத்துவிட்டது. ஆனாலும் அடி முறியும் இடம் அதன் கையில் இருக்கிறது. உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்:

அவளிடமிருந்து கடிதம் வந்தது
நான் எழுதியதே

முதல் அடி முடிந்ததும் கண் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்துக்கு அவள் பதில் போட்டுவிட்டாள். இரண்டாம் அடி அதைப் பிடுங்கிக்கொள்கிறது. ‘நான் எழுதிய கடிதம் அவளிடமிருந்து திரும்பி வந்தது’ என்று ஒரே வாக்கியமாக எழுதினால் தகவல் மாறாது. அவள் பதில் போட்ட அந்த ஒரு கணம் மட்டும் கதையில் இருக்காது.