நாக்கு ஈ, உதடு ஊ

கண்ணாடி முன்னால் நின்று 'ஈ' என்று இழுத்துச் சொல்லுங்கள். சத்தத்தை நிறுத்த வேண்டாம், நாக்கையும் அசைக்க வேண்டாம். அப்படியே உதட்டை மட்டும் விசில் அடிப்பதுபோலக் குவியுங்கள். இப்போது வருவது ஈயும் இல்லை, ஊவும் இல்லை. புதுச்சேரித் தெருப் பலகைகளில் பிரெஞ்சில் 'தெரு' என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல்லின் உயிரொலி இதுதான். நாம் அதை 'ரூ' என்று படித்துவிட்டு நடக்கிறோம். பிரெஞ்சில் 'ரூ' என்றால் வேறு சொல், எனவே பிரெஞ்சுக்காரர் காதில் அது 'சக்கரம்' என்று விழும்!

தமிழில் ஊ சொல்ல உதடு குவிந்தால் நாக்கும் கூடவே பின்னால் போய்விடும். பிரெஞ்சில் அந்தக் கட்டாயம் இல்லை. நாக்கு முன்னால் இருக்க, உதடு மட்டும் குவியும் உயிரொலிகள் அங்கே தனியாக உண்டு. உதடு முன்னே நீண்டால் வாய் என்கிற காற்றுக்குழாயும் சற்று நீளும், அதன் வாசல் சுருங்கும், ஒத்ததிர்வு, அதாவது அந்தக் குழாய் இயல்பாக முழங்கும் அதிர்வெண், இறங்கும். தொண்டையில் எழும் சுருதி மாறுவதில்லை, ஒலியின் நிறம்தான் மாறுகிறது.

இரைச்சலில் முதலில் தொலைவது இந்த நிறம்தான். பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சலுக்கு நடுவே உதடு குவிந்ததா விரிந்ததா என்பதைக் காது மோசமாகவும் கண் நன்றாகவும் பிடித்தன. வாய் எவ்வளவு திறந்தது என்பதில் காதுதான் கெட்டி. 'தெரு'வா 'சக்கர'மா என்பதில் மட்டும் கண்ணால் பெரிய உதவி இல்லை. இரண்டுக்கும் உதடு ஏறத்தாழ ஒன்றுபோலவே குவிகிறது.

இன்னொரு வேடிக்கை, உதடு முந்திக்கொள்வது. 'சினிஸ்த்ர் ஸ்த்ரூக்த்யூர்' என்ற பிரெஞ்சுத் தொடரில் இகரத்துக்கும் அடுத்த குவிந்த உயிருக்கும் நடுவே ஸ், த், ர், ஸ், த், ர் என ஆறு மெய்கள். (தமிழ் எழுத்து இங்கே தடுமாறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) 1974-இல் அளந்து பார்த்தபோது, முதல் மெய்யிலேயே மேலுதடு நீளத் தொடங்குவது தெரிந்தது. எதிரில் இருப்பவர் கண்ணுக்கு வரப்போகும் உயிர் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சரி, உதட்டைப் பார்த்தே இராதவர்கள்? கனடாவின் கியூபெக்கில் லூசி மெனார் குழுவினர், பிறவியிலேயே பார்வையற்ற பிரெஞ்சுப் பேச்சாளர்களை ஆராய்ந்தார்கள். உயிர்களைக் காதால் பிரித்தறிவதில் அவர்கள் பார்வையுள்ளவர்களைவிடக் கூர்மை. ஆனால் பேசும்போது உதட்டை அவ்வளவாக நீட்டுவதில்லை. அந்த வேலையில் ஒரு பங்கை, வெளியே தெரியாத நாக்கு எடுத்துக்கொள்கிறது.