சீழ் பிடிக்காத புண்

காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும் மாசி, பங்குனியில்தான் அம்மையும் அதிகம் பரவும். ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அப்போது பயம் கூடிவிடும். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வரும் ரத்தப் புற்றுநோயில், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் முதிராமலே, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொண்டு பெருகுகின்றன. கீமோ மருந்துகள் பலவும் வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்பவை. மஜ்ஜையில் நல்ல செல்களும் வேகமாகவே பிரிவதால் அவையும் சேர்ந்து மடிகின்றன.

கிருமியோடு முதலில் மோதும் வெள்ளணு நியூட்ரோஃபில். ரத்தத்தில் அது நெடுநேரம் தங்காது. மஜ்ஜை அன்றாடம் பல ஆயிரம் கோடி புதிதாக அனுப்பியாக வேண்டும். கீமோவால் அந்த வரத்து நின்று, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போனால் ஆபத்து. சீழ் என்பதில் பெரும்பகுதி இறந்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லாத உடம்பில் புண் சீழ் பிடிக்காது, வீக்கமும் சிவப்பும் சரியாகத் தெரியாது. நிமோனியாகூட எக்ஸ்ரேயில் மங்கலாகவே தெரியலாம். மிஞ்சும் அடையாளம் காய்ச்சல் ஒன்றே. சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு அதையும் அமுக்கிவிடும் என்பதால், காய்ச்சலே இல்லாமல் பிள்ளை துவண்டு கிடந்தாலும் காட்டியாக வேண்டும். கிருமி பலமுறை பிள்ளையின் குடலிலிருந்தே வருகிறது; கீமோவில் குடலின் உள்தோலும் புண்ணாகிறது.

ஆகவே 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மதுரை போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகும் ஊர்கள் நம்முடையவை. முதல் டோஸை உள்ளூரில் எங்கே போடுவது என்று புற்றுநோய் மருத்துவரிடம் இப்போதே கேட்டு, எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நியூட்ரோஃபில் சில வாரங்களில் மீண்டுவிடும். லிம்போசைட்டுகள் மெதுவாகத்தான் மீளும். நோய் திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் பராமரிப்புக் கட்டத்தையும் சேர்த்துச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வதால், பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கும் எதிர்ப்பு குறைவாகவே இருக்கும். வாரத்தில் சில நாள் தரும் கோட்ரைமாக்சசோல் என்ற மருந்து, நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வராமல் காக்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

சின்னம்மை இந்தப் பிள்ளைகளின் நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்து, வீட்டு வளவில் பங்காளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவருக்கு மறுநாள் அம்மை கண்டால், மறைக்காமல் உடனே போன் பண்ணிச் சொல்லட்டும். கொப்புளம் வருமுன்பே மருத்துவர் தடுப்பு மருந்து தர முடியும்.

வலுக்குறைத்த உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் இந்தப் பிள்ளைக்குக் கூடாது. முடிந்து ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து மருத்துவர் சொன்ன பிறகே. உடன்பிறந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை விடாமல் போடுங்கள். போலியோவுக்கு மட்டும் அவர்களுக்குச் சொட்டு மருந்துக்குப் பதில் ஊசி கேளுங்கள்.