கிளிசரின் டியூபில் பூசணம் வந்தால்…

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டு ஹாலில் ஆறடி உயர பபுள் டியூப் ஒன்றை, அதாவது திரவம் நிரப்பி அடியிலிருந்து குமிழி விடுகிற அலங்கார அக்ரிலிக் குழாயை, நான்தான் நிறுத்திக் கொடுத்திருந்தேன்.

"தம்பி, டியூபுக்குள்ள மேலாப்புல வெள்ளையா பஞ்சாட்ட மிதக்குதுங்க. பண்ணைக்கு வாங்குன பெர்மாங்கனேட்டு கொஞ்சம் கெடக்குது. ஒரு கரண்டி போட்டு உட்டா சரியாப் போயிருமுங்களா?"

"ஏனுங்க, அந்தத் தூள் இப்ப எங்க இருக்குது?"

"கையிலதான் வச்சிருக்கறனுங்க. மூடியக் கழட்டிட்டுத்தான் கூப்புடறேன்."

"அப்படியே கொண்டு போயி தோட்டத்துச் சாளையில வச்சுருங்க. மூடியப் போட்டுருங்க. நான் இப்பவே பொறப்பட்டு வாரேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. பண்ணையில் ஒரு செட்டு கோழி விற்றுப் போனதும், காலிக் கொட்டகையில் கிருமி சாக ஃபார்மலினோடு பெர்மாங்கனேட் சேர்த்துப் புகை போடுவது அவருக்குப் பழக்கம். மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் கிருமி போக ஒரு சிட்டிகை போடுவது உண்டு. ஆனால் அவர் வீட்டு டியூபில் இருப்பது கிளிசரின். கெட்டியான கிளிசரினும் பெர்மாங்கனேட் தூளும் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும்.

பாலிடெக்னிக்கில் எங்கள் வேதியியல் ஆசிரியர் இதை ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார். ஓட்டுச் சில்லின் மேல் கொஞ்சம் தூள், அதன் நடுவில் சிறு குழி, குழியில் சில சொட்டு கிளிசரின். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் சிரிப்புக்கூட கேட்டது. அரை நிமிடம் போனதும் ஒரு கோடு புகை எழுந்தது. அடுத்த நொடி ஊதாவும் வெள்ளையுமாகச் சீறிக்கொண்டு எரிந்தது. அந்த அரை நிமிடம்தான் மோசம். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று குனிந்து பார்க்கிற நேரம் அது. நெருப்புக்கு வேண்டிய ஆக்சிஜனை அந்தத் தூளே கொடுப்பதால் சாக்கைப் போட்டு மூடினாலும் சட்டென்று அடங்காது. தண்ணீர் நிறையக் கலந்த கிளிசரினில் வேகம் குறையும், வெறும் பழுப்புச் சகதியாக முடியலாம். ஆனால் டியூபின் மூடியிலும் விளிம்பிலும் ஒட்டியிருப்பது கெட்டியானதா, நீர்த்ததா என்று யாருக்குத் தெரியும்?

நான் கோவையில் 14 வருஷமாக இந்த வேலை செய்கிறேன். நகைக்கடை, கல்யாண மண்டபம், குழந்தைகள் தெரபி சென்டர், இப்போது வீடுகள். இத்தனை வருஷத்தில் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ஒன்றுதான்: இதை மீன்தொட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அடியில் காற்று, நடுவில் லைட்டு, மேலே குமிழி என்று பார்க்க ஒன்றுபோல இருப்பதால் அந்த எண்ணம் வருகிறது. வேறுபாடு முழுக்க உள்ளே இருக்கும் திரவத்தில்.

தண்ணீரில் 5 மில்லிமீட்டர் குமிழி ஒன்று ஆறடியை எட்டு, பத்து நொடியில் தாண்டிவிடும். அதுவும் நெளிந்து, தள்ளாடி, உடைந்து போகும். அதே குமிழி 20 டிகிரி குளிரில் சுத்தமான கிளிசரினில் ஏற ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கிளிசரின் தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. அதனால் குமிழி உருண்டையாக, முத்து கோத்த மாதிரி நிதானமாக ஏறும். குமிழி இரண்டு மடங்கு பெரிதானால் வேகம் நான்கு மடங்கு ஆகும். கீழிருந்து வரும் பெரியது மேலே போகும் சின்னதை எட்டிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம், நேரம் போவது தெரியாது. இன்னொரு சங்கதி, ஒளி வளைகிற அளவு கிளிசரினுக்கும் அக்ரிலிக்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 1.47, 1.49. அதனால் டியூபின் உள்சுவர் கண்ணுக்கே தெரியாது, குமிழி மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

இந்தக் கெட்டித்தன்மை வெயிலுக்கு இளகும். 20 டிகிரியில் இருப்பது 30 டிகிரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மார்கழிக் காலையில் ஆடி அசைந்து போன குமிழி சித்திரை மதியத்தில் ஓடுகிறது என்றால் ரிப்பேர் ஒன்றும் இல்லை. இதற்காகவே கரூரிலிருந்து ஒருவர் வருஷம் தவறாமல் மே மாதம் என்னைக் கூப்பிடுகிறார்.

ஆனால் தண்ணீர் கலந்து இளகுவது வேறு கதை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றைத்தான் நாம் பம்பு வைத்து நாளெல்லாம் அதற்குள் ஊதிக்கொண்டிருக்கிறோம். எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்தாலே கெட்டித்தன்மை ஆறில் ஒன்றாகிவிடும். சுத்தமான கிளிசரினில் பூசணம் வளராது, அதற்கு வேண்டிய ஈரம் அங்கே கிடைக்காது. ஆகவே பூசணம் தெரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மருந்து தேடுவதற்கு முன்னால் தண்ணீர் வந்த வழியைத் தேட வேண்டும்.

சரி, பல்லடத்துக்கு வருவோம்.

போனதும் மேலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, அவர்கள் வீட்டில் தீவனம் நிறுக்கிற தராசில் வைத்தேன். சுத்தமான கிளிசரின் லிட்டருக்கு 1,260 கிராம் இருக்க வேண்டும். இது 1,150. அதாவது பத்தில் நான்கு பங்கு தண்ணீர். அடிக் குழாயைத் திறந்து இன்னொரு லிட்டர் பிடித்தால் அது 1,240. நீர்த்தது லேசு என்பதால் மேலே நின்றிருக்கிறது, பூசணமும் அங்கேதான். விரலில் தொட்டு இழுத்தாலே வித்தியாசம் தெரிந்தது. அடியில் எடுத்தது கம்பிப் பதப் பாகு மாதிரி நூலாக நீண்டது, மேலே எடுத்தது எண்ணெய் மாதிரி வழிந்தது.

ஈரக்காற்று மட்டும் இவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்திருக்காது. "யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டேன். வீட்டம்மா சமையலறையிலிருந்தே சொன்னார்: "மட்டம் கொறஞ்சு போச்சுன்னு பையன்தான் ஆர்.ஓ. தண்ணி ரெண்டு மூணு தடவை ஊத்துனானுங்க."

மூடிய டியூபில் மட்டம் எப்படிக் குறையும்? தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் பரண் மேல் வைத்திருந்த ஏர் பம்பு பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, வேலைக்கு வந்தவர்கள் அதைக் கீழே இறக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். காற்று டியூபை நேராக அடிப்பகுதிக்குச் சொருகிவிட்டார்கள். பம்பு ஓடும் வரை காற்று திரவத்தைத் தள்ளிப் பிடித்திருக்கும். இரவு சுவிட்சை அணைத்தாலோ கரண்டு போனாலோ, திரவம் அதே டியூப் வழியாகத் திரும்பி பம்புக்குள் இறங்கும். கிளிசரின் கெட்டி என்பதால் சட்டென்று கொட்டாது. சொட்டுச் சொட்டாக, விடிவதற்குள் ஒரு லிட்டர் வந்துவிடும். அலமாரிப் பலகை பிசுபிசுவென்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 230 வோல்ட் ஓடுகிற பம்பின் உள்ளே முழுக்க நனைந்திருந்தது.

இதில் என்னை நடுங்க வைத்தது இன்னொன்று. டிரிப்பர், அதாவது கசிவு மின்சாரத்துக்கு விழுகிற ஆர்.சி.சி.பி., இரண்டு மூன்று முறை விழுந்திருக்கிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் "டிரிப்பர் சரியில்லீங்க" என்று சொல்லி, அந்த லைனை மட்டும் டிரிப்பரில் சேராமல் நேராகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எச்சரிக்கை மணி அடித்ததற்கு மணியை அறுத்துப் போட்ட கதை. அந்த டியூபைப் பேத்தி தினமும் கட்டிப்பிடித்துக்கொண்டு குமிழி எண்ணுவாளாம்.

என் தப்பும் இதில் உண்டு. பம்பு மேலே இருக்கிறதே என்று காற்று டியூபில், திரவம் திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு போடாமல் விட்டிருந்தேன். கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு இல்லாமல் இந்த ஊரில் யாராவது குழாய் இறக்குவார்களா? மோட்டார் பம்பு செய்து ஊர் ஊராக அனுப்புகிற கோயமுத்தூரில் இருந்துகொண்டு, சில நூறு ரூபாய் வால்வை நான் விட்டது சோம்பேறித்தனம்தான். இப்போது பம்பு திரவ மட்டத்துக்கு மேலேயே இருந்தாலும் வால்வு போடாமல் எந்த வேலையையும் முடிப்பதில்லை. விளக்குக்கு 12 வோல்ட் எல்.ஈ.டி., அதன் அடாப்டரும் உயரத்தில், மொத்த லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர். அது விழுந்தால் ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி தூக்கிவிட வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருகிற ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மண்டபத்தில், வேறொருவர் செய்து வைத்த குமிழிச் சுவரை (பபுள் வால்) சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பச்சை வெளிச்சம் பளபளவென்று இருந்தது. திரவத்துக்குத் தனியாகச் சாயம் போட்ட மாதிரி தெரியவில்லை. மோந்து பார்த்ததும் சந்தேகம் வந்து ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னேன். உள்ளே கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட் கேன்கள் அடுக்கியிருந்தன. கிளிசரினைவிட மலிவு, நிறமும் இலவசம். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், குழந்தையோ நாயோ ஒரு முறை நக்கினால் மறுபடியும் நக்கும். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், உயிரும் போகலாம். இதற்கு ஒன்றுவிட்ட தம்பி டைஎத்திலீன் கிளைக்கால், அதுவும் அப்படியே. 2022இல் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அங்கே விற்ற இருமல் மருந்துகளில் இந்த இரண்டும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அந்த அக்டோபரில் எச்சரித்தது. கிளிசரின் என்று சொல்லி விற்கும் மலிவுச் சரக்கில் இவை கலந்திருக்கலாம் என்பதால், கெமிக்கல் கடையில் தொழிற்சாலைத் தரத்தை நான் வாங்குவதில்லை. ஐ.பி. (இந்தியன் ஃபார்மகோபியா) என்று போட்ட மருந்துத் தரம், பேட்ச் நம்பரோடு பரிசோதனைச் சான்று. விலை கூடத்தான். மண்டபத்துக்காரரிடம் இதைச் சொன்னதும் "யாரு குடிக்கப் போறாங்க தம்பி" என்றார். பந்தி நடக்கும்போது நாலு பிள்ளைகள் அந்தச் சுவரில் ஏறி விளையாடுவதை அவரே பார்த்திருப்பார். யாராவது இப்படி ஏதேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உள்ளே இருந்தது என்ன என்பதைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிலர் லிக்விட் பாரஃபின் ஊற்றுகிறார்கள். அது ஈரம் இழுக்காது, ஆனால் எரியக்கூடியது. விழுங்கும்போது புரையேறினால் நுரையீரலில் தங்கிவிடும். சிலிக்கான் ஆயில் எல்லாவற்றிலும் நல்லது, வெயிலுக்கும் அதிகம் இளகாது. விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். தரையில் கொட்டினால் தண்ணீருக்குப் போகாது, டைல்ஸ் வழுக்குமரமாகிவிடும். கிளிசரின் கொட்டினால் மரத்தூளைத் தூவி வாரிவிட்டு வெந்நீரில் துடைத்தால் போதும்.

தெரபி சென்டர்களில் வைக்கிற டியூப் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீர்தான். அங்கே இது நிற்பது புலன் பயிற்சி அறையில்; அந்த அறை என்கிற யோசனை 1970களில் நெதர்லாந்தில் தொடங்கியது. தெரபி சென்டருக்கு வருகிற பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பு இருக்கும். ரிமோட்டில் படபடவென்று மின்னுகிற பட்டன் ஒன்று உண்டு, அதை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டுத்தான் நான் ஒப்படைப்பேன். அந்த ரிமோட்டுக்குள் இருக்கிற வட்ட பேட்டரி குழந்தையின் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ரிமோட் உயரத்தில் இருக்கட்டும்.

எடையையும் மறக்க வேண்டாம். ஆறு இஞ்ச் விட்டம், ஆறடி உயரம் என்றால் 32 லிட்டர், கிளிசரினில் 40 கிலோ. மேலே சுவரோடு கிளாம்ப் இல்லாமல் நிற்கக் கூடாது. வெளியே துடைக்க ஈரத்துணி போதும். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயும் தின்னரும் அக்ரிலிக்கில் முடி முடியாக வெடிப்பு விடும். அந்த வெடிப்புகளுக்குப் பின்னால் 40 கிலோ நிற்கிறது.

பல்லடத்தில் அன்றைக்கு மொத்தத்தையும் கேன்களில் இறக்கி, டியூபைக் கழுவிக் காயவைத்து, மறு வாரம் புதுச் சரக்கு நிரப்பினேன். பம்பு மறுபடியும் பரணுக்குப் போனது, காற்று இழுக்கிற இடத்தில் சிலிக்கா ஜெல் டப்பி ஒன்றும் சேர்ந்தது. மூடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: உள்ளே கிளிசரின், நிரப்பிய தேதி, தண்ணீர் ஊற்றாதீர்கள், எந்தத் தூளும் போடாதீர்கள், பம்பைக் கீழே இறக்காதீர்கள், என் நம்பர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரியவர் அதை ஒருமுறை வாசித்தார். "இதைய மொதல்லயே ஒட்டியிருக்கலாமுங்கல்ல தம்பி" என்றார்.

ஒட்டியிருக்கலாம்தான்.