கணக்கு போடத் தெரிகிறது, எந்தக் கணக்கு என்றுதான் தெரியவில்லை

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லித்தரும்போது ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். ஒரு பயிற்சியில் இருக்கும் அத்தனை கணக்கையும் பிழையில்லாமல் போட்டுக் காட்டிய பிள்ளை, மூன்று வாரம் கழித்து மாடல் எக்ஸாமில் அதே மாதிரிக் கணக்கைப் பார்த்துப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் 'கவனமே இல்லை' என்று திட்டு விழும். எனக்கு அது தாங்காது, ஏனென்றால் அந்தப் பிள்ளை உண்மையிலேயே உழைத்திருக்கிறது.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தெரியாத எண்ணை 'ய' என்று வைத்துக்கொள்கிறேன். (பழைய கணித அறிஞர் பாஸ்கரரின் பீஜகணிதம் என்ற இயற்கணித நூலிலும் அது 'யா' தான், 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள்படும் யாவத்தாவத் என்பதன் சுருக்கம்.) இந்த ஐந்தையும் பாருங்கள்:

ய² − 7ய + 12 = 0
ய² − 49 = 0
ய² − 7ய = 0
ய² − 7ய + 5 = 0
ய² − 7ய + 12

பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கின்றன. ஆனால் முதலாவதைக் காரணிப்படுத்தினால் 3, 4 என்று உடனே வந்துவிடும். இரண்டாவதில் 49-ஐ வலப்புறம் கொண்டுபோய் வர்க்கமூலம் எடுத்தால் போதும், −7-ஐ மறக்காமல் இருந்தால் சரி. மூன்றாவதில்தான் பலரும் விழுகிறார்கள்: இருபுறமும் ய-ஆல் வகுத்து ய = 7 என்று முடித்துவிடுவார்கள், 0 என்ற இன்னொரு தீர்வு சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். நான்காவதற்கு முழு எண் காரணிகளை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, தீர்வு எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே காட்டும் தன்மைகாட்டி 7² − 4 × 5 = 49 − 20 = 29, அது முழு வர்க்கம் இல்லை, ஆகவே இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம்தான் வழி. ஐந்தாவது சமன்பாடே இல்லை! வெறும் கோவை. அதற்குத் தீர்வு காண முடியாது, காரணிப்படுத்தி நிறுத்த வேண்டியதுதான்.

பயிற்சியின் தலைப்பிலேயே 'காரணிப்படுத்தல் முறையில் தீர்க்க' என்று போட்டிருந்தால் இந்த யோசனை எதுவும் தேவைப்படாது. முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தலைப்பு செய்துவிடுகிறது, பிள்ளை மிச்ச வேலையை மட்டும் பழகுகிறது. பரீட்சைத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் அவருடன் இருந்தவர்களும் 54 வகுப்பறைகளில், 787 ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. சில வகுப்புகளுக்கு ஒரே வகைக் கணக்குகள் அடுத்தடுத்து, மற்றவற்றுக்குப் பல வகையும் கலந்து, இப்படிச் சில மாதங்கள். பிறகு ஒரு மாதம் கழித்துத் திடீர்த் தேர்வு வைத்தார்கள். கலந்து போட்டவர்களின் சராசரி மதிப்பெண் 61 சதவீதம், மற்றவர்களுடையது 38 சதவீதம்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? செய்யும்போது கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான். அதே ரோரர் 2007-ல் கல்லூரி மாணவர்களுக்கு சில திண்மங்களின் கனஅளவுக் கணக்குகளைக் கொடுத்தபோது, பயிற்சி நேரத்தில் ஒரே வகையை வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. பயிற்சி செய்யும்போது நம் மனசுக்குக் கிடைக்கும் 'எனக்கு வந்துருச்சு' என்ற நிம்மதியை நம்பவே கூடாது என்பதை இந்த எண்களைப் பார்த்தபிறகுதான் நான் முழுசாக ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் செய்ய ஒரு பழைய டப்பா போதும். பாடப்புத்தகத்தின் வெவ்வேறு பயிற்சிகளிலிருந்து முப்பது நாற்பது கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள், பயிற்சி எண்ணைப் பின்பக்கம் மட்டும் குறியுங்கள். குலுக்கிப் பத்து எடுங்கள். உடனே போட ஆரம்பிக்காமல், ஒவ்வொன்றுக்கும் எந்த முறை, ஏன் அந்த முறை என்று ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். நேரமில்லாத நாளில் அந்த ஒரு வரியோடு நிறுத்தினாலும்கூடப் பரவாயில்லை, பழக வேண்டிய விஷயமே அதுதான்.

ஆனால் புதுப் பாடம் தொடங்கிய அன்றே குலுக்கக் கூடாது. அப்போது தலைக்குள் இடமே இருக்காது, எல்லா வரியும் புதிதாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் தீர்த்து வைத்த எடுத்துக்காட்டுகளைப் படிப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-ல் இயற்கணிதத்தை வைத்தே இதைக் காட்டினார்கள்: தாங்களாகவே முட்டி மோதியவர்களைவிட, தீர்த்த கணக்குகளைப் படித்தவர்கள் அதே வகைக் கணக்குகளை வேகமாகவும் குறைந்த பிழையோடும் போட்டார்கள். வேறு வகைக் கணக்கு வந்தபோது அந்த அனுகூலம் காணோம், ஆகவே இது தொடக்கத்துக்கு மட்டும். படிப்பது என்றால் கண்ணை ஓட்டுவது இல்லை. விடையை ஒரு தாளால் மூடிக்கொண்டு, அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தாளைக் கீழே இறக்க வேண்டும். பொருந்தவில்லையென்றால் அந்த வரியிலேயே நிற்க வேண்டும், அது புரியாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

அப்புறம், எண்ணைப் போட்டுச் சரிபார்ப்பது. (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதும் பழக்கத்தை எத்தனை முறை சொன்னாலும் விட முடியாத பிள்ளையிடம் அ-வுக்கு 1, ஆ-வுக்கு 2 போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 9, மறுபக்கம் 5. யாரும் திட்ட வேண்டியதில்லை, எண்ணே சொல்லிவிடும். 0-ஐ மட்டும் போட வேண்டாம், தப்பான வரியும் சரியென்று காட்டிவிடும். சமன்பாடு என்றால் வந்த விடையை முதல் வரியிலேயே போட்டுப் பார்க்கலாம், அரை நிமிஷ வேலை.

தப்பான சீட்டை டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். வெவ்வேறு மூன்று நாட்களில் சரியாக வந்தபிறகு வெளியே எடுத்தால் போதும், ஒரே நாளில் மூன்று முறை சரியாக வந்தால் கணக்கில் சேராது.